என்னகேட்டீக மதினியின் குச்சிக் கட்டை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து நேராக வராது; கோடு போட்ட தாளில்கூடச் சாய்ந்துதான் போகும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னது பின்னாலும் பின்னது முன்னாலும் வரும், பொறுத்துப் படியுங்கள். ஆனால் இந்த ஒருத்தியை மட்டும் மறக்க முடியவில்லை. பாசம் வைத்தவர்களை மறந்திருக்கிறேன். பொறாமைப்பட்டவளை எப்படி மறப்பது?

சிவகாசியில் அவளைப் போல ஒரு கேள்விக்காரி பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. ஊரில் இருக்கிற அத்தனை போலீஸ்காரர்களும் சேர்ந்து ஒரு வருஷம் கேட்கிற கேள்வியை அவள் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் கேட்டு முடித்துவிடுவாள். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் எழுதியிருக்கும்தான். ஆனால் ரேஷன் கடைக்காரரே “என்னகேட்டீக வந்தாச்சு, எல்லாரும் வழி விடுங்க” என்றுதான் சொல்வார். எனக்கு அவள் என்னகேட்டீக மதினி. ஒரே வயது, எதிரெதிர் வீடு. அதனால் மதினி என்று கூப்பிட்டுக்கொண்டோம். மனசுக்குள் நான் கூப்பிட்டது வேறு. அதை இங்கே எழுதினால் பத்திரிகை போட மாட்டார்கள்.

பஜாரில் ஒரு பேன்சி ஸ்டோர் வாசலில் நிற்பாள். உள்ளே போய் வருகிற பெண்களை ஒவ்வொருத்தியாக மறிப்பாள்.

“என்ன கேட்டீக?”

“வளையல் வாங்கினேன்.”

“வாங்குனத யாரு கேட்டா? உள்ள போனதும் வாயத் தொறந்து மொதல்ல என்ன கேட்டீக?”

“கண்ணாடி வளையல் இருக்கான்னு கேட்டேன்.”

“வெறும் கண்ணாடி வளையலா, செவப்புக் கண்ணாடி வளையலா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஏன்த்தா, நீ என்ன கோர்ட்டா? தள்ளு, பஸ்ஸு போயிரும்.”

அவள் தள்ளமாட்டாள். இடுப்பில் செருகிய நோட்டை எடுத்து எழுதிக்கொண்டுதான் வழி விடுவாள். ஒரு தடவை மருந்துக் கடையிலிருந்து வெளியே வந்த ஒரு பெரிய மனிதரிடமும் கேட்டுவிட்டாள். அவர் பொட்டலத்தை வேட்டி மடிப்புக்குள் தள்ளிக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் ஜலதோஷ மாத்திரைக்குக்கூட விருதுநகருக்குப் பஸ் ஏறினார்.

கோயிலிலும் விடமாட்டாள். கண்ணை மூடிக் கும்பிட்டுத் திரும்பிய ஒருத்தியிடம், “சாமிகிட்ட என்ன கேட்டீக?” என்றாள்.

“ஒன் வாய்க்கு ஒரு பூட்டு கேட்டேன்.”

“திண்டுக்கல் பூட்டா, சாதாப் பூட்டா?”

ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். தரகரிடம் முதலில் எந்த மாதிரிப் பெண் கேட்டீர்கள் என்று விசாரணை. அந்த அம்மாவும் பேச்சு வாக்கில், “டீச்சர் வேல பாக்குற பொண்ணுதான் கேட்டோம்” என்று சொல்லிவிட்டார். “எடுத்தது?” என்று இவள் கேட்க, “நாலு எருமையும் ஒரு தோட்டமும் உள்ள வீட்டுப் பொண்ணு” என்று பதில் வந்தது. பெண்ணின் அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு நடந்ததில் பாயச அண்டா கவிழ்ந்தது. என்னகேட்டீக மட்டும் சுவரோரம் நின்று, கேட்டது டீச்சர், எடுத்தது எருமை என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என்னிடம் சொன்னாள்: “கேக்குறது ஒண்ணு, வாங்குறது ஒண்ணு மதினி. ரெண்டுக்கும் நடுவுலதான் யாவாரம் கெடக்கு.”

பாயசம் கிடைக்காத கோபத்தில் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது என் பொறாமைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் அச்சாபீசில் பேப்பர் வெட்டுகிற மிஷினில் இருந்தார். அவர் போனபிறகு அந்த அச்சாபீசிலேயே ஸ்டிக்கர் கோலம் அடித்து வாங்கி, வீட்டில் வைத்து வெட்டி, பாக்கெட் போட்டு, கடைகளுக்குக் கொடுத்து வந்தேன். அரிசி மாவு வேண்டாம், குனிய வேண்டாம், பின்னால் இருக்கிற தாளை உரித்து வாசலில் ஒட்டினால் கோலம். எங்கள் தெருவில் அந்தத் தொழிலை முதலில் ஆரம்பித்தது நான்தான். இதை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம்.

இரண்டு வருஷம் கழித்து இவளும் அதையே ஆரம்பித்தாள். அதுவரை தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள். மரச்சட்டத்தில் வரிசை வரிசையாகக் காடி, அதாவது குச்சி நிற்கிற பள்ளம், வெட்டியிருக்கும். அதைக் கட்டை என்போம். மருந்தில் முக்குவதற்கு முன்னால் அதில் குச்சிகளை நிறைக்க வேண்டும். கண் மங்கியதும் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய கட்டையை ஞாபகத்துக்கு வாங்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் வேறு எதையாவது செய்யக்கூடாதா? பிரேம் போட்ட சாமி படம் விற்கலாம், காலண்டர் விற்கலாம். என் கோலத்தில்தான் கால் வைத்தாள்.

அதோடு நின்றாளா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். நேராக அங்கே போய், கம்ப்யூட்டருக்குள் நடக்கிற ஒரு சந்தையில் இவள் கடை திறந்துவிட்டாள். செல்போனில் ஊரையே பார்க்கிற காலம் இல்லை அது. பம்பாயிலும் பெங்களூரிலும் அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் ஆபீசில் உட்கார்ந்தபடி இவள் சரக்கைப் பார்த்து வாங்கினார்கள். தினமும் பதினோரு மணிக்குக் கூரியர்க்காரன் பைக்கில் வந்து அவள் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பான். ஒரு அடி அடித்தால் போதாதா? மூன்று அடி அடிப்பான். மூன்றும் என் நெஞ்சில் விழும். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஹாரனைக் குறைக்கச் சொல்லியிருந்தால் குணமாகியிருக்கும்.

அந்த வருஷம் தீபாவளி சீசனுக்கு நானும் ஒரு கை பார்ப்பது என்று, கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு லோடு கோலம் அடித்துவிட்டேன். பரணில் நிறைந்து, கட்டிலடியில் நிறைந்து, கடைசியில் நான் கோலத்துக்கு நடுவில்தான் படுத்தேன். ஸ்டிக்கரில் ஒரு சங்கடம் உண்டு. வெயில் ஊரில் ஒரு சீசன் தாண்டினால் பசை காய்ந்துவிடும். பிறகு அது பொட்டலம் மடிக்கக்கூட ஆகாது. கடைக்காரர்கள் வழக்கம்போல் பத்துப் பாக்கெட், இருபது பாக்கெட் என்றார்கள்.

ஆலங்குளத்தில் சிமெண்ட் வேலையில் இருக்கிற என் மகன் போன் செய்தான். “எம்மா, போதும்மா. இந்தத் தீபாவளியோட வீட்டக் காலி பண்ணிட்டு இங்கன வந்துருங்க. ஒங்களுக்கு எடம் பாத்தாச்சு.”

“எங்கனய்யா பாத்திருக்க?”

“பிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவுல. கட்டில் சரியா இருக்கும். அவ அளந்தே பாத்துட்டா.”

மருமகள் நல்லவள். ஆனால் என் நீளத்தையும் அகலத்தையும் ஒருத்தி டேப் வைத்து அளந்துவிட்டாள் என்பதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். கோலம் விற்றால் என் வீட்டில் நான். விற்காவிட்டால் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நான். விஷயம் அவ்வளவுதான்.

வெட்கத்தை விட்டுப் பாயிடம் போனேன். “எதிர் வீட்டுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போட்டுக் குடுங்க” என்றேன்.

பாய் பொறுமையானவர். “கடை சும்மாவே தொறக்கலாம்க்கா. ஆனா ஆயிரங் கடையில ஒங்க கடை கண்ணுல படணும்னா வெளம்பரம் போடணும். அதுக்கு முன்கூட்டியே பணம் கட்டணும். ஒரு வார்த்தையச் சொல்லிருவோம். அந்த வார்த்தைய அடிச்சு யாராச்சும் தேடுனா ஒங்க வெளம்பரம் மேல வந்து நிக்கும். அத அமுக்கி உள்ள பாத்தாகன்னா, ஒவ்வொரு அமுக்குக்கும் ஒங்க பணத்துல கொஞ்சம் களியும். வாங்குனாலும் களியும், வாங்காட்டியும் களியும்.”

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். என் காதில் விழுந்தது ‘மேல வந்து நிக்கும்’ மட்டும்தான். கோலம் என்கிற வார்த்தைக்கு விளம்பரம் போட்டாயிற்று.

இதை என் நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். நாத்தனாரிடம் சொல்வதும் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான் என்று எனக்கு அதுவரை தெரியாது. மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் குளித்து, தலை சீவி, பிரவுசிங் சென்டருக்கு வந்துவிட்டார்கள். நம் வீட்டு விளம்பரம், நாம் போய் அமுக்காவிட்டால் மரியாதையாக இருக்குமா? மொய் எழுதுகிற மாதிரி வரிசையில் நின்றார்கள். நாத்தனார் உட்கார்ந்து மூன்று தடவை அமுக்கினாள்.

“எனக்கு ஒண்ணு, எங்க வீட்டுக்காருக்கு ஒண்ணு, துபாயில இருக்குற கொளுந்தனுக்கு ஒண்ணு.”

ஒரு சித்தப்பா பாயிடம் சண்டைக்கே போனார். “நா அமுக்குனத எளுதிக்கிட்டீகளா? நாள பின்ன எங்க வீட்டுல ஒரு வெளம்பரம்னா இவுக வந்து திருப்பி அமுக்கணும்லே?”

வெளியூர் போயிருந்த ஒரு பெரியம்மா, என்னை ஏன் அமுக்கக் கூப்பிடவில்லை என்று இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் கட்டிய பணம் முழுவதும் கரைந்துவிட்டது. விற்றது பூஜ்யம். பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பாவம், அவருக்குத் துக்க வீடு மாதிரி இருந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் பாய் சொன்னதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. யார் அமுக்கினாலும் விளம்பரம் போட்டவர் பணம்தான் கழியும். அப்படியென்றால் அவள் விளம்பரத்தை நான் அமுக்கினால்?

இதை எழுதுகையில் கை கூசுகிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான். தினமும் பத்தரை மணிக்குப் பாய் கடைக்குப் போவேன். “சும்மா சந்தை எப்பிடி இருக்குன்னு பாக்கணும்” என்பேன். அவர் அவளுடைய விளம்பரம் வருகிற பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விடுவார். ஒருத்தரும் பார்க்காத நேரமாக முந்தானையைச் செருகிக்கொண்டு, மவுசை இரண்டு கையாலும் ஓர் அமுக்கு அமுக்குவேன். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொன்று, இன்னொன்று என்று நாலு. எங்கேயோ அவள் பணம் சொட்டுச் சொட்டாகப் போகிற சத்தம் எனக்குக் கேட்கும். அன்றைக்கெல்லாம் சோறு நன்றாக இறங்கும். இப்படி ஒன்பது நாள்.

ஒன்பது நாளும் பதினோரு மணிக்கு அவள் வாசலில் ஹாரன் அடிக்கத்தான் செய்தது.

“அந்தக்கா சூட்சுமமே வேற” என்றார் பாய் ஒருநாள். “வாங்க வாரவுக எந்த வார்த்தைய அடிச்சுத் தேடுனாக, எத்தன பேரு உள்ள வந்து பாத்தாக, எத்தன பேரு வாங்குனாக, அம்புட்டும் அந்தச் சந்தைக்காரனே பட்டியல் குடுக்கான்க்கா. மத்தவுக அதத் தொறந்துகூடப் பாக்கிறதில்ல. இவுக தெனம் காலைல வந்து என்னைய வாசிக்கச் சொல்லி எளுதிக்கிட்டுப் போறாக. வீட்டுல போயி என்ன செய்றாகளோ, மறுநா வந்து இந்த வார்த்தைய எடு, அந்த வார்த்தையப் போடும்பாக.”

வீட்டில் போய் என்ன செய்கிறாள் என்று பார்க்காமல் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? அடுத்த தடவை தண்ணீர் லாரி வந்தது. அவள் குடத்தோடு தெருமுனையில் நின்றபோது, காப்பித்தூள் கடன் கேட்கிற டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனேன்.

பழைய குச்சிக் கட்டை சுவரில் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு வரிசைக்குப் பக்கத்திலும் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, அதில் ஒரு வார்த்தை. வரிசைகளில் குச்சி நட்டிருந்தாள். பெரும்பாலும் மருந்து வைக்காத வெறுங்குச்சி. அங்கங்கே சில வரிசையில் சிவப்புத் தலை வைத்த குச்சிகள் கொஞ்சம். வெறுங்குச்சி தீர்ந்துபோய், கைக்குக் கிடைத்ததை நட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு வரிசை மட்டும் காடி தெரியாமல் முழுக்க நிறைந்திருந்தது. பக்கத்தில் ‘ரங்கோலி’ என்று எழுதியிருந்தது.

எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நிறைந்த கட்டைக்குத்தான் கூலி. அரைக் கட்டையைக் கொண்டுபோய் வைத்தால் தீப்பெட்டி ஆபீசில் திருப்பித் தள்ளிவிடுவார்கள். இதுதான் அவள் ரகசியம் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். காப்பித்தூளையும் எடுத்துக்கொண்டேன். வந்ததற்கு ஓர் அத்தாட்சி வேண்டுமே!

என்னிடம் இருந்த கடைசிக் குண்டுமணித் தங்கத்தை விற்று, ரங்கோலி என்கிற வார்த்தைக்கு விளம்பரம் போட்டேன். பாய், “யோசிச்சுத்தான் சொல்றீகளாக்கா?” என்று இரண்டு தடவை கேட்டார். நான் உள்ளங்கையைக் காட்டினேன்.

அமுக்கினார்கள்! அடேயப்பா, வடக்கே இருக்கிற ஜனங்கள் அத்தனை பேரும் அமுக்கினார்கள். ஒருத்தரும் வாங்கவில்லை. நாலாம் நாள் ஒரே ஓர் ஆர்டர் வந்தது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு அனுப்பினேன். அது போன வேகத்தில் திரும்பி வந்தது, பெங்களூரிலிருந்து ஒரு பெண்ணின் கோபத்தோடு. பாய் அதைத் தமிழில் வாசித்தார்: “பொடி எங்கே? கலர்ப் பொடி வரும் என்று பார்த்தால் தாளை அனுப்பி ஏமாற்றுகிறீர்களா?”

தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மகனுக்குப் போன் போட்டு, வண்டி கொண்டு வரச் சொல்லிவிட்டேன். சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் காலையில் என்னகேட்டீக மதினி என் வீட்டுக்கு வந்தாள். குச்சிக் கட்டையைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். உட்கார இடம் இல்லை. ஒரு கோலக் கட்டின் மேலேயே உட்கார்ந்தாள்.

“என்ன மதினி, ஆலங்குளம் போறீகளாம்ல? பாய் சொன்னாரு.”

“ஆமா, பேரப்பிள்ளைகளப் பாக்கணும்போல இருக்கு.”

“பாத்துட்டு வாங்க. அதுக்கு எதுக்கு அண்டா குண்டாவக் கட்டுறீக?” என்றவள், கட்டையை என் முன்னால் வைத்தாள். கடைசி வரிசையைக் காட்டினாள். அதில் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் தேடுகிற வார்த்தை எதுவும் இல்லை. ‘எதிர்வீடு’ என்று எழுதியிருந்தது. எல்லாம் வெறுங்குச்சி.

“இது ஒங்க வரிச மதினி. பட்டியல்ல சிவகாசியில இருந்து ஒரு ஆளு தெனம் பத்தரைக்கு வந்து என் வெளம்பரத்த அமுக்கிப் பாத்துட்டுப் போகுது. அந்நேரம் பாய் கடையில யாருன்னு கேட்டா நீங்கதான். ஒரு நாளைக்கு நாலு தடவ பாக்குறீக. அம்புட்டு ஆச இருந்தா ஒரு பாக்கெட் வாங்கிற வேண்டியதுதான? எதிர்த்த வீடு, கூரியர் செலவுகூட இல்ல.”

என் முகம் எந்த நிறத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. தூணைத் தேடினேன். இருந்த ஒரு தூணையும் கோலக் கட்டு மறைத்திருந்தது. “மவுசு தானா அமுங்கிருச்சு” என்றேன்.

“அது அப்படித்தான், துடிப்பான மவுசு” என்றாள். சிரிக்கவே இல்லை. சிரித்திருந்தாலாவது கோபப்பட்டிருப்பேன்.

பிறகு ரங்கோலி வரிசையைத் தொட்டாள். “இத எதுக்கு மதினி எடுத்தீக?”

“அதான நெறைஞ்சிருக்கு?”

“அட, தீப்பெட்டி ஆபீஸ் புத்தியே!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். “இது பாத்தவுக கணக்கு. ஒருத்தரு அமுக்கிப் பாத்துட்டுப் போனா வெறுங்குச்சி. வாங்குனாத்தான் மருந்துக்குச்சி. ரங்கோலின்னு அடிக்கிறவுக கலர்ப் பொடி தேடுறவுக. நம்ம தாளப் பாப்பாக, போயிருவாக. வரிச நெறைய நெறைய நம்ம பணம் கரையுதுன்னு அர்த்தம். நா மூணு மாசம் முன்னாடியே அந்த வார்த்தைய எடுத்துட்டேன். அடையாளத்துக்கு அப்பிடியே வச்சிருக்கேன்.”

சிவப்புத் தலை இருக்கிற வரிசைகளைக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு குச்சிதான். ஆனால் பாதிக்குப் பாதி சிவப்பு. பக்கத்தில் எழுதியிருந்த வார்த்தைகளில் ஒன்றில்கூடக் கோலம் என்றே இல்லை. ‘புது வீட்டுக்குப் பரிசு’ என்று ஒன்று. ‘தரையில் ஒட்டுவது’ என்று ஒன்று. ‘பூஜை அறை அலங்காரம்’ என்று ஒன்று. எல்லாம் இங்கிலீஷ் வார்த்தைகள். அவள் அர்த்தத்தைக் கேட்டுத் தமிழில் எழுதியிருந்தாள்.

“நாம வச்ச பேரு நமக்கு மதினி. கேக்குறவுக வாயில என்ன வருதோ அதான் சரக்குக்குப் பேரு. புதுவீடு போறவளுக்குக் குடுக்க என்னத்தடா வாங்கன்னு முளிக்கிறான் பாருங்க, அவந்தான் வாங்குறான். அவனுக்குக் கோலம்னா என்னன்னே தெரியாது.” சொல்லிவிட்டு மூன்று வரிசைகளின் துண்டுத்தாளை உரித்து என் கையில் கொடுத்தாள். “இந்த மூணும் ஒங்களுக்கு. மத்த நாலும் எனக்கு. நீங்க என்னுதுல போடக்கூடாது, நா ஒங்களுதுல போட மாட்டேன்.”

நான் வாங்கவில்லை. இவள் எதற்காகத் தருகிறாள்? உள்ளே ஒரு கணக்கு இல்லாமல் இருக்குமா? கேட்டேவிட்டேன்: “எனக்கு எதுக்கு மதினி தாரீக?”

“அந்த வார்த்தையெல்லாம் ஏலம் மதினி. கூடக் கேட்டவுக மேல நிப்பாக. நானும் கோலம்னு ஒண்ணு போட்டிருந்தேன், நீங்க அதையே போட்ட அன்னைக்கு எனக்கு அது வெல ஏறிப்போச்சு. ரெண்டு பொம்பளைக ஒரே தெருவுல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தைக்கு மல்லுக்கட்டுறோம். சந்தைக்காரன் ஒக்காந்து சிரிக்கான்.”

நான் நினைத்தது சரிதான், கணக்கு இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அப்புறம் எழுந்து கட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “அதோட, நீங்க போயிட்டா இந்தத் தெருவுல யாருட்ட மதினி நா பேசுவேன்? என்னையக் கண்டா எல்லாரும் வீட்டுக்குள்ள போயிருதாக. நீங்க ஒருத்திதான் பொறாமப்பட்டுக்கிட்டாச்சும் வாசல்லயே நிக்கிறீக.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! ஆரம்பத்திலிருந்தே!

துண்டுத்தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரே பாய் கடைக்குப் போனேன். என் பணத்தில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அதை அந்த மூன்று வார்த்தைகளுக்கும் போடச் சொன்னேன். பாயையே ஒவ்வொரு வார்த்தையாக அடித்துத் தேடவும் சொன்னேன். அவள் உண்மையிலேயே விலகிக்கொண்டாளா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தோம். மூன்றிலும் என் கோலம் மட்டும் நின்றது. அவளுடையது இல்லை. என்னிடம் வருவதற்கு முன்னாலேயே எடுக்கச் சொல்லியிருந்தாள் என்றார் பாய். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. விற்கவும் தெரிகிறது, எழுதவும் தெரிகிறது. போதாதென்று நல்லவளாகவும் இருக்க வேண்டுமா? மனுஷிக்கு மனுஷி ஏதாவது ஒன்றை மிச்சம் வைக்க மாட்டாளா?

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் இரண்டு ஆர்டர். அந்த வாரம் முடிவதற்குள் கூரியர்க்காரன் முதலில் என் வீட்டில் நின்று, பிறகு அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். வெட்ட, சுருட்ட, விலாசம் ஒட்ட நேரம் போதவில்லை. தன் வேலையை முடித்துவிட்டு அவளே வந்து பாக்கெட் போட்டுக் கொடுத்தாள். ஒட்டுகிறபோதும் வாய் சும்மா இருக்காது. “புனேக்காரி என்ன கேட்டு வாங்கியிருப்பா மதினி?” என்பாள். “எனக்கென்ன தெரியும், பாக்கெட்டப் போடுங்க” என்பேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கட்டிலடி காலி. பரணில் ஒரு கட்டு மட்டும் மிஞ்சிப் பசை காய்ந்து போயிற்று, போகட்டும். மகன் வண்டியோடு வந்தவன், ஏற்றிக்கொண்டு போக ஒன்றும் இல்லாமல் ஒரு பெட்டி மத்தாப்பும் ஒரு டப்பா முறுக்கும் வாங்கிக்கொண்டு திரும்பினான். மருமகள் அளந்து வைத்த இடத்தில் தையல் மிஷின் போட்டுக்கொண்டாளாம். நன்றாகத் தைக்கிறாள்.

அவளிடம் நான் ஒரு பாக்கெட்கூடக் கடைசிவரை வாங்கவில்லை. அதே சரக்கு என் வீட்டிலேயே இருக்கும்போது நான் எதற்காக வாங்க வேண்டும்? சில வருஷம் கழித்து அவளை அவள் மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தூத்துக்குடி என்றார்கள், இல்லை தூத்துக்குடி தாண்டி என்றார்கள். போகிற அன்றைக்கு நான் வாசலில் நின்றேன். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கம் பிடித்த வாய், “பாத்துப் போங்க” என்றது. அவள் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி ஆட்டோக்காரனிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதை என் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆலங்குளத்தில் இல்லை. இன்னும் என் வீட்டில்.

நான் எழுதியதை யாராவது ஒருமுறை சரிபார்த்தால் நல்லது. பட்டியலில் ஊர்ப் பெயரும் மணியும் வருமா என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் அமுக்கினால் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள், அப்போது அப்படி இருந்ததா தெரியவில்லை. அவள் கொடுத்தது மூன்று வார்த்தையா நாலா என்பதைப் பாயிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொறாமைக்காரி எழுதியது இது. எங்கேயாவது அவளைக் குறைத்துச் சொல்லியிருந்தால் கூட்டிப் போட்டுவிடுங்கள். கூடுதலாகச் சொல்லியிருந்தால் அப்படியே இருக்கட்டும்.